வெள்ளிப் பெட்டி பாடிய பாட்டு

மோக் சாருக்குக் காது மங்கிவிட்ட செய்தி முதலில் மூன்றாம் படிவம் 'பி' பிரிவுக்குத்தான் தெரிந்தது. அவருக்கே அப்புறம்தான் தெரியவந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பலகையில் பருவக்காற்றின் அம்புக்குறிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் அத்தனை பேரும் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்திருந்தார்கள். இன்னோர் அம்பு போட்டார், இன்னொரு சிரிப்பு. கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், நெஜமாவே உங்களுக்குக் கேக்கலையா?"

"என்ன கேக்கல?"

"போன் அடிக்குது சார். ரொம்ப நேரமா அடிச்சுக்கிட்டே இருக்கு."

உச்ச ஸ்தாயியில் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு மணியோசை இருக்கிறதாம். வயசானவர்கள் காதுக்கு அது எட்டாதாம். அதனாலேயே பிள்ளைகள் எல்லோரும் அதைப் போனில் வைத்திருக்கிறார்களாம். மோக் சார் அந்தப் போனை வாங்கித் தன் காதோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். வகுப்பே காதைப் பொத்திக்கொண்டது. அவருக்குக் கேட்டதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே போகும் பேருந்தின் உறுமல்தான்.

வேறொரு பூகோள வாத்தியார் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். மோக் சாரால் முடியவில்லை. ஏனென்றால் சனிக்கிழமைகளில் அவர் பூகோள வாத்தியார் இல்லை, 'தங்கக் காது' மோக்.

பாட்டுப் பெட்டிகள் மேல் பைத்தியமாக அலைகிறவர்களை எங்கள் ஹாங்காங்கில் காய்ச்சல்காரர்கள் என்று சொல்வோம். சரியான பெயர்தான். உடம்பு கொதிக்கும், வாய் பிதற்றும், கையில் காசு நிற்காது. ஷாம் ஷூய் போவில் அப்லியூ தெரு முழுக்க இந்தக் காய்ச்சல் பரவிக் கிடக்கிறது. அந்தத் தெருவில், துணிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், யிக் அக்காவின் ஹெட்போன் கடை இருக்கிறது. அங்கே சனிக்கிழமை மத்தியானங்களில் கூடும் காய்ச்சல்காரர்களுக்கு மோக்தான் வைத்தியர். எந்தப் பெட்டி வந்தாலும் ஆளுக்கொரு முறை கேட்டுவிட்டு ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள். மோக் மட்டும் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் அப்படியே கேட்க ஆரம்பித்துவிடும் என்பதால், யிக் அக்கா பல வருஷங்களுக்கு முன்னால் போட்ட சட்டம் அது. கடைசியாக அவர் வாய் திறக்கும்போது கடை அமைதியாகிவிடும். அந்த அமைதி மோக்குக்கு மிகவும் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் அப்படி ஓர் அமைதி அவருக்கு எந்த நாளிலும் கிடைத்ததில்லை.

யாரிடமும் சொல்லாமல் காது வைத்தியரிடம் போனார். வைத்தியர் சாவகாசமாகச் சோதித்துவிட்டு, "உங்க வயசுக்கு இது நல்ல காதுங்க. உச்சத்துல கொஞ்சம் போயிருக்கு. அது எல்லாருக்கும் போறதுதான், கவலைப்படாதீங்க," என்றார். அவர் சொன்னதில் 'போயிருக்கு' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் மோக்கின் மனசில் தங்கவில்லை.

அந்த வாரமே ஃபுங் போன் செய்தான்.

ஃபுங் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவன். வீடு வீடாகத் திரைச்சீலை மாட்டுவது அவன் தொழில். தைத்துக் கொடுப்பது அவன் மனைவி. அவனுக்குக் காய்ச்சல் இல்லை, இருந்ததும் இல்லை. ஆனால் திரைச்சீலை மாட்டப் போன வீட்டில், ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு பெரிய ஹெட்போனை அவன் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

"மோக், இந்தச் சனியன் என்னடா பேசவே மாட்டேங்குது? கம்ப்யூட்டர்ல சத்தத்த முழுசா வெச்சாலும், பக்கத்து வீட்டுக்காரன் குளிக்கிறப்ப பாடுற மாதிரி கேக்குது."

"அது பெரிய ஹெட்போன்டா. கம்ப்யூட்டருக்கு அதத் தள்ளுற தெம்பு கிடையாது. டாக்-ஆம்ப்னு ஒரு பெட்டி வாங்கணும். கம்ப்யூட்டர்ல இருக்கிற எண்கள பாட்டா மாத்தி, அதுக்கு வலுவும் குடுத்து அனுப்பும்."

"விலை?"

"மேசை மேல வெக்கிற சின்னப் பெட்டியே நல்லது கிடைக்குது. இப்ப ஷென்ஜென்ல கொட்டிக் கிடக்கு."

"நீ எதச் சொல்றியோ அத வாங்கிடறேன். சனிக்கிழமை வரேன்."

நீ எதச் சொல்றியோ. அன்று ராத்திரி மோக்குக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மூன்றாம் மாடிக்கு அவர் மூச்சு வாங்க ஏறியபோது மற்றவர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். யிக் அக்கா கல்லாவுக்குப் பின்னால் நின்று பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அறுபது வயசு, குட்டை முடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. அவளுக்கு இந்த உலகத்தில் பிடித்தவை இரண்டு. ஒன்று சூட்டுக்கோலை எடுத்து ஈயம் வைப்பது. இன்னொன்று ரேடியோவில் குதிரைப் பந்தய வர்ணனை கேட்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வாள்.

ஸ்டூலில் ஒஸ்வால்ட் பூன் உட்கார்ந்திருந்தான். கணக்குத் தணிக்கை வேலை, முப்பத்தெட்டு வயசு, வாயில் எப்போதும் ஏதாவது உவமை. காய்ச்சல்காரர்களின் இணையப் பலகையில் அவன் எழுதும் கேட்பனுபவங்களைத் திரையில் தள்ளித் தள்ளிப் படித்து முடிப்பதற்குள் விரல் வலித்துவிடும். ஃபுங் தன் பெரிய ஹெட்போனை ஒரு அரிசிப் பையில் போட்டுக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தான்.

"வாங்க மோக் சார். உங்க ஆளு வந்ததிலேர்ந்து பையத் திறக்கவே பயப்படறாரு," என்றாள் யிக் அக்கா. "ஏங்க, உள்ள கோழி இருக்கா?"

மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று கறுப்பு. உள்ளங்கைக்குள் அடங்கும், பார்க்க ஒரு மண்ணும் இல்லை. இன்னொன்று வெள்ளி நிறம். கனமானது, அகலமானது, மரத்தில் கடைந்த ஒலித்திருகு, உள்ளே மஞ்சள் வெளிச்சம். விலை கறுப்பைப் போல நாலு மடங்குக்கும் மேல். இரண்டின் தலையிலும் வாடிக்கையாளர் கேட்டுப் பார்க்க வைத்திருக்கும் பெட்டிகளில் யிக் அக்கா ஒட்டும் மஞ்சள் சீட்டு இருந்தது: 'கேட்டுப் பார்க்க மட்டும். விற்பனைக்கு அல்ல.'

"ரெண்டையும் மாத்தி மாத்திக் கேக்கறதுக்குப் புதுசா ஒரு சுவிட்ச் பெட்டி பண்ணியிருக்கேன்," என்று யிக் அக்கா பெருமையோடு ஒரு தகரப் பெட்டியைத் தட்டினாள். அதில் ஒரு குமிழ். இடப்பக்கம் தள்ளினால் 'கறுப்பு', வலப்பக்கம் தள்ளினால் 'வெள்ளி'. "ரெண்டு ஆம்போட வயரும் இதுக்குள்ள வருது, உங்க ஹெட்போன் இதுலேர்ந்து போகுது. போன ஞாயித்துக்கிழமைதான் ஈயம் வெச்சேன். அன்னைக்கு ரெண்டாவது பந்தயத்துல என் குதிரை ஜெயிச்சுது, கை ராசி."

ஒஸ்வால்ட் மீட்டரை எடுத்து, இரண்டு ஆம்பின் வாயிலும் தனித்தனியாக வைத்துப் பார்த்து, திருகுகளை மயிரளவு திருப்பி, இரண்டின் சத்தத்தையும் ஒன்றாக்கினான். "ஒண்ணு துளி சத்தமா இருந்தாலும் அதுதான் ஒசத்தின்னு காது சொல்லிடும். இந்தக் காதுங்கறது சரியான மோசடிப் பேர்வழி," என்று ஃபுங்குக்கு விளக்கினான். அப்புறம் வயர்களைத் தகரப் பெட்டியில் செருகினான். இரண்டு ஆம்பிலும் விளக்கு எரிந்தது.

எந்தப் பெட்டியைச் சோதித்தாலும் அவர்கள் போடுவது ஒரே பாட்டுத்தான். ஒரு பெண் குரல், ஒரு கித்தார், வேறு எதுவும் இல்லை. அந்தப் பெண் எந்த வரியில் மூச்சு வாங்குவாள் என்பது அவளைவிட இவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

யிக் அக்கா முதலில் கேட்டாள். குமிழை இப்படியும் அப்படியும் தள்ளினாள். "ம். கறுப்பு பரவாயில்ல, சாப்பிடலாம். ஆனா வெள்ளில வாணலி சூடு இருக்கு. கறுப்பு வேக வெச்ச நூடுல்ஸ், வெள்ளி வறுத்த நூடுல்ஸ்."

ஒஸ்வால்ட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஒரு கை காற்றில் மிதந்தது. "கறுப்புல அவ என் முன்னாடி சுவர்ல ஒட்டியிருக்கா. வெள்ளிக்கு மாத்தினதும்... ஐயோ. ஒரு அடி முன்னால வந்து நிக்கறா. பின்னால அறை தெரியுது. தரை மரத்தரைன்னு தெரியுது. கித்தாருக்கும் அவளுக்கும் நடுவுல நான் நடந்து போகலாம்." சொல்லிக்கொண்டே மறு கையால் போனில் அதையெல்லாம் தட்டி இணையப் பலகையில் ஏற்றிவிட்டான். அவன் கண்ணைத் திறப்பதற்குள் ஏழெட்டுப் பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஃபுங் கேட்டான். பெரிய ஹெட்போன் அவன் சின்ன முகத்தைப் பாதி மறைத்தது. முதன்முறையாக அது வாய் திறந்து பாடியதும் அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அடேயப்பா. இவ்வளவு நாள் இதுக்குள்ளேயா இருந்தா?" குமிழை இருபுறமும் தள்ளினான். "வெள்ளி... ஆமா, கொஞ்சம் தெளிவாத்தான் இருக்கு, இல்ல? இருக்கு, இருக்கு. மோக், நீ சொல்லு."

கடை அமைதியானது.

மோக் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கறுப்பு. அவள் பாடினாள். வெள்ளி. அவள் பாடினாள். மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளி. அதே குரல், அதே கித்தார், அதே இடத்தில் அதே மூச்சு. அறையும் இல்லை, மரத்தரையும் இல்லை, வாணலியும் இல்லை. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தார்.

பொய் சொல்வது மிகவும் சுலபம். ஒஸ்வால்ட் ஏற்கெனவே சமைத்து வைத்துவிட்டான், இவர் எடுத்துப் பரிமாறினால் போதும். 'ஆமா, அவ முன்னால வர்றா, கித்தார் கம்பியில கொஞ்சம் இனிப்பு கூடுது' என்றால் எல்லோரும் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். தங்கக் காது தங்கமாகவே இருக்கும்.

"வெள்ளியில..." என்று ஆரம்பித்துவிட்டார்.

அப்போது ஃபுங் யிக் அக்காவிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஹெட்போனையும் மீறி அவர் காதில் விழுந்தது. "இதோட அகலம் எவ்வளவுக்கா? வீட்டுல இருக்கறது ஒரே மேசை. பாதி, அவ தையல் மெஷினு. இத வெச்சா மெஷினக் கட்டிலுக்குக் கொண்டுபோகணும். சரி, போகட்டும். தைவான்ல ரயில்ல சுத்தணும்னு சேத்து வெச்சிருந்தோம். அடுத்த வருஷம் போயிக்கலாம். மோக் கேட்டுச் சொன்னா அதுல அர்த்தம் இருக்கும்."

மோக் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல," என்றார்.

ரேடியோவில் ஒரு குதிரை மட்டும் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஒரு வித்தியாசமும்னா?" என்றான் ஒஸ்வால்ட்.

"ஒண்ணுமே. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. இருங்க, சொல்லிடறேன். என் காது போயிடுச்சு. பசங்க போன்ல கொசுச் சத்தம் வெச்சுச் சிரிக்கறானுங்க, எனக்குக் கேக்கல. டாக்டர்கிட்டயும் காட்டினேன். உங்க யார்கிட்டயும் சொல்ல வெக்கமா இருந்துது. ஃபுங், நீ அவங்க சொல்றத கேட்டுக்கடா. என்ன நம்பாத."

சொல்லிவிட்டார். முகம் சிவந்து காது மடல் வரை பரவிவிட்டது. ஒஸ்வால்ட் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டான். "அண்ணே, அதனால என்ன? இத்தனை வருஷம் எங்களுக்கு நீங்கதானே கேட்டீங்க," என்றான், இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி. யிக் அக்கா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். அவள் ரேடியோவைக் குறைத்து அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. மோக்குக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டார். குமிழ் வெள்ளியில் இருந்தது. அந்தப் பெண்ணாவது எதையும் தெரிந்துகொள்ளாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

ஃபுங் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் பெருமூச்சு விட்டு, "சரிக்கா, மத்தவங்க மூணு பேரும் சொல்றோமே. வெள்ளியையே குடுத்துடுங்க," என்றான்.

"புதுசு இருப்பு இல்ல. கேட்டுப் பாக்க வெச்சிருக்கற இந்தப் பெட்டியையே விலை குறைச்சுத் தர்றேன், ஒரு கீறல்கூட இல்ல," என்ற யிக் அக்கா அதன் மின்வயரைப் பிடுங்கினாள். மஞ்சள் வெளிச்சம் அணைந்தது. பின்னால் இருந்த மற்ற வயர்களையும் உருவினாள். மஞ்சள் சீட்டை உரித்துக் கல்லாவின் விளிம்பில் ஒட்டிவிட்டு, வெள்ளிப் பெட்டியை அட்டைப்பெட்டிக்குள் இறக்கி மூடியை அழுத்தினாள்.

மோக் நிமிர்ந்தார். மேசையைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார்.

"யிக் அக்கா, வெள்ளிய எடுத்துட்டீங்களா?"

"எடுத்து மூட்டையே கட்டியாச்சு மோக் சார்."

"அப்ப இப்ப பாடறது யாரு?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவர் ஹெட்போனைக் கழற்றி ஒஸ்வால்டின் தலையில் மாட்டினார். ஒஸ்வால்ட் கேட்டான். அந்தப் பெண் ஓர் அடி முன்னால் வந்து மரத்தரையில் நின்று ஜோராகப் பாடிக்கொண்டிருந்தாள். குமிழ் 'வெள்ளி' என்றது. வெள்ளியோ அட்டைப்பெட்டிக்குள் கழுத்துவரை பஞ்சுக்குள் புதைந்து கிடந்தது. ஒஸ்வால்டின் முகத்தில் ஈயாடவில்லை.

யிக் அக்கா தகரப் பெட்டியைக் கவிழ்த்து நாலு திருகையும் கழற்றினாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றி உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சுவிட்சோட ரெண்டு காலுக்கும் ஒரே வாயிலேர்ந்து வயர் குடுத்திருக்கேன்," என்றாள். "எந்தப் பக்கம் தள்ளினாலும் கறுப்புதான். வெள்ளி வந்து சேர்ற எடத்துல ஒரு வயர்கூட இல்ல. எல்லாம் அந்தக் குதிரையால வந்த வினை."

"அப்ப நாம கேட்டதெல்லாம்..." என்றான் ஃபுங்.

"கறுப்பு. அப்புறம் கறுப்பு," என்றார் மோக்.

"அந்த வாணலி?"

"வாணலி எங்க அம்மா வீட்டு வாணலி போலிருக்கு," என்று யிக் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் தேநீர்க் கோப்பை குலுங்கும். "வேக வெச்சதும் நான்தான், வறுத்ததும் நான்தான்."

"ஒஸ்வால்டு தம்பி, அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்து போனீங்களே. பத்திரமாத் திரும்பி வந்துட்டீங்களா?" என்று ஃபுங் நல்ல பிள்ளையாகக் கேட்டான்.

ஒஸ்வால்ட் ஹெட்போனைக் கழற்றாமலே போனை எடுத்து அவசர அவசரமாகத் தட்டினான். "முப்பது பேர் ஆமோதிச்சிருக்காங்க," என்றான் பரிதாபமாக. "ஒருத்தரு தனக்கும் மரத்தரை கேட்டுச்சுன்னு எழுதியிருக்காரு."

மோக் சிரிக்கவில்லை. அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை. நாலு பேர் கேட்டதில் அவர் ஒருவருக்குத்தான் சரியாகக் கேட்டிருக்கிறது. இந்த எண்ணம் அவருக்குள் மெதுவாக இறங்கியது, சூடான கஞ்சி வயிற்றுக்குள் இறங்குவதுபோல. அப்புறம்தான் அவர் முகம் விரிந்தது, தோள் குலுங்கியது. கடைசியில் அவரும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

யிக் அக்கா ரேடியோவை ஒரேயடியாக அணைத்துவிட்டு ஈயத்தைத் திருத்தி வைத்தாள். வெள்ளிப் பெட்டி பஞ்சிலிருந்து வெளியே வந்தது. இப்போது உண்மையாகவே இரண்டு பெட்டிகள், உண்மையாகவே ஒரு குமிழ். ஆனால் வேடிக்கை என்னவென்றால், யாருக்கும் வாய் திறக்கத் துணிச்சல் இல்லை. ஃபுங் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். யிக் அக்கா கேட்டுவிட்டு, தேநீர் ஆறிப்போச்சு என்றாள். ஒஸ்வால்ட் மூன்று முறை வாயைத் திறந்து மூன்று முறையும் மூடிக்கொண்டான்.

"இன்னைக்குச் சட்டத்த மாத்தறேன்," என்றாள் யிக் அக்கா. "மோக் சார் முதல்ல சொல்லட்டும்."

மோக் நிதானமாகக் கேட்டார். "வெள்ளியில ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கற மாதிரி இருக்கு. இல்லாமலும் இருக்கலாம். எதுக்கும் ஒரு துணி போட்டு மூடுங்க. நீங்க மாத்துங்க, நான் பேர் சொல்றேன்."

யிக் அக்கா ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு குமிழைத் தள்ளினாள். மோக் கறுப்பு என்றார், வெள்ளி என்றார், வெள்ளி என்றார், கறுப்பு என்றார். ஏறக்குறைய பாதி சரி, பாதி தப்பு.

"ஒரு நாணயத்தச் சுண்டிப் போட்டிருந்தாலும் இந்த மார்க்குதான் வந்திருக்கும்," என்று அவரே தீர்ப்புச் சொன்னார். சொல்லும்போது அவருக்குத் துளிக்கூட வலிக்கவில்லை. "ஃபுங், கறுப்ப வாங்குடா. உன் ஹெட்போனத் தள்ளற வலு அதுல இருக்கு, பாத்துட்டோம். இரைச்சல் இல்ல. தையல் மெஷினுக்குப் பக்கத்துல இடம் பத்தும். ஒழுங்கா ரயில் ஏறு."

"அவ்வளவுதான்டா எனக்கு வேணும்," என்றான் ஃபுங்.

ஒஸ்வால்டுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அண்ணே, அந்தக் கொசுச் சத்தம் உங்க போன்ல இருக்கா? எனக்கு உங்க வயசு இல்ல. எனக்குக் கேக்கும்."

"இருக்கு, சோதிச்சுப் பாக்க எறக்கி வெச்சேன்," என்று மோக் போனை எடுத்துக் கையில் உயர்த்திப் பிடித்தார். எல்லோரும் காதைத் தீட்டினார்கள். யிக் அக்கா தலையாட்டினாள், இல்லை. ஃபுங் தலையாட்டினான், இல்லை. ஒஸ்வால்ட் கண்ணை மூடினான். கை காற்றில் மிதக்கத் தொடங்கியது.

"கேக்குது. லேசா. மேல, இடது பக்கம். ஊசி முனை மாதிரி."

"நான் இன்னும் அமுக்கவே இல்லடா," என்றார் மோக்.

யிக் அக்கா கல்லாவின் மேல் கவிழ்ந்துவிட்டாள். ஒஸ்வால்ட் ஒரு கணம் மானம் கப்பலேறிய முகத்தோடு நின்றான். அப்புறம் அவனுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, நடந்தது அத்தனையையும் இணையப் பலகையில் ஏற்றினான். அவன் எழுதியதிலேயே மிகவும் சின்னது அதுதான். அதிகம் பேர் படித்ததும் அதுதான் என்று பின்னால் தெரிந்தது.

கிளம்பும்போது யிக் அக்கா மோக்கின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "அடுத்த சனிக்கிழமை வராம இருந்தீங்கன்னா வீட்டுக்கே வந்துடுவேன், மோக் சார்," என்றாள். தட்டு கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

புதுக் கறுப்புப் பெட்டி ஒன்று ஃபுங்கின் சட்டைப்பைக்குள்ளேயே அடங்கிவிட்டது. படியிறங்கும்போது மோக் கேட்டார். "ஏன்டா, என் காது போயிடுச்சுன்னு சொன்னப்ப உனக்கு ஏமாத்தமா இல்லையா?"

"உன் காதுக்காக எவன்டா உன்னக் கேட்டான்?" என்றான் ஃபுங். "பள்ளிக்கூடத்துல எனக்குப் பாட்டு வராதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவன் நீ ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் நல்லா இருக்குன்னான். அதுக்காகத்தான்."

'வெள்ளியில' என்று தான் ஆரம்பித்ததை அவன் கவனித்தானா என்று மோக் கேட்க நினைத்தார். கேட்கவில்லை. இரண்டு பேரும் முட்டை டார்ட் வாங்கித் தின்றுகொண்டே அப்லியூ தெருவில் நடந்தார்கள். நல்ல சூடு, ஓரம் நொறுநொறுவென்று இருந்தது.

திங்கட்கிழமை காலை, சனிக்கிழமை போட்டிருந்த அதே கோட்டை மாட்டிக்கொண்டு மோக் சார் மூன்றாம் படிவம் 'பி' பிரிவுக்குப் போனார். பலகைப் பக்கம் திரும்பி ஓர் அம்புதான் போட்டிருப்பார். முதுகுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. இன்னொன்று போட்டார். இந்தத் தடவை வகுப்பு முழுவதும் சிரித்தது.

அவர் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, கூச்சமும் இல்லை.

"யாருக்கோ போன் வருது போல. எனக்குக் கேக்காது, என் காதுல மேல்மாடி காலி. கேக்கறவங்க யாராவது எடுத்து, மோக் சார் பாடம் நடத்தறாரு, அப்புறமாக் கூப்பிடுங்கன்னு சொல்லிடுங்க."

வகுப்பு திகைத்துப் போயிற்று. முன்வரிசைப் பெண்தான் எழுந்து நின்றாள்.

"சார், இன்னைக்கு யார் போனும் அடிக்கல சார்."

"அப்ப எதுக்குச் சிரிச்சீங்க?"

அந்தப் பெண் தயங்கித் தயங்கி அவர் பின்னால் வந்து, கோட்டின் முதுகிலிருந்து எதையோ உரித்து அவர் கையில் கொடுத்தாள். மஞ்சள் சீட்டு. யிக் அக்காவின் கொட்டை எழுத்து.

'கேட்டுப் பார்க்க மட்டும். விற்பனைக்கு அல்ல.'

அடிக்காத போனைக் கேட்டுவிட்ட மோக் சார் அந்தச் சீட்டை ஒரு முறை படித்தார், இன்னொரு முறை படித்தார். பிறகு அதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னவென்று பார்க்கப் பக்கத்து வகுப்பு வாத்தியார் எழுந்து வந்துவிட்டார்.